எனக்குச் சித்தி இல்லை

ஜூலை 8

மழை இல்லை. மாடித் தொட்டியில் கத்தரிச் செடிக்குப் பூச்சி விழுந்திருக்கிறது. வேப்பெண்ணெய் வாங்க வேண்டும்.

வம்சாவளி மென்பொருளைத் தமிழாக்கும் வேலை ஒன்பதாவது வாரத்தில் நிற்கிறது. உலகத்தின் நாலு மூலையிலும் ஆட்கள் உட்கார்ந்து இதைச் சும்மா எழுதுகிறார்கள், சும்மா கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம். தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கல்யாணமும் ஆகாமல், திண்டுக்கல்லில் அம்மாவோடு இருக்கும் ஐம்பத்தைந்து வயது ரத்தினவேலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

பெயர்களை உள்ளிட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்று அதுவே சொல்லும். வெள்ளைக்காரர்கள் அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டு வார்த்தையில் கைகழுவிவிட்டார்கள். நமக்கு ஒவ்வொரு உறவுக்கும் ஒரு விதி எழுத வேண்டும். அம்மாவின் தங்கை சித்தி. அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. இரண்டையும் எழுதிவிட்டேன். ஆனால் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. சோதனைக்கு ஏற்றியிருப்பது என் குடும்பத்தைத்தான். அம்மா ஒற்றைப் பிள்ளை. அப்பா ஒரே கல்யாணம். எனக்குச் சித்தி இல்லை.

டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக்தான் மொழிபெயர்ப்புகளை மேற்பார்ப்பவர். அவரிடம் கேட்டதற்கு, 'சோதிக்கப்படவில்லை' என்று அந்த விதிக்குப் பக்கத்தில் குறித்துவிடச் சொன்னார். குறித்தேன்.

ஜூலை 11

பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே ஒரு கோடு போட்டால், அது எப்படிப்பட்ட கோடு என்று மென்பொருள் கேட்கிறது. பட்டியல்: பிறப்பு, சுவீகாரம், வளர்ப்பு, ஸ்டெப், தெரியாது. பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது. நாலுக்குத் தமிழ் போட்டாயிற்று. 'ஸ்டெப்' மட்டும் நிற்கிறது. மாற்றாந்தாய் என்றால் உடனே விஷம் வைக்கிறவள் ஞாபகம்தான் வருகிறது. பிறகு பார்க்கலாம்.

பூங்கோதை வந்திருந்தாள். ஒரே தங்கை, ஊரிலேயே இருக்கிறாள், அதனால் வாரம் இரண்டு தடவை வந்து என்னைத் திட்ட முடிகிறது. நாகல் நகரில் புது வீடு, ஆவணி ஆறாம் தேதி குடிபோகிறாள்.

"அண்ணே, நீ கம்ப்யூட்டர்ல போடுற மரத்தைப் பெருசா அச்சடிச்சுக் குடு. ஹால்ல மாட்டப்போறேன். தப்புத் தவறு இல்லாம இருக்கணும், அவுக வீட்டு ஆளுக எல்லாம் வருவாக."

என்னிடம் போய்த் தப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறாள். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் டைரக்டரி திருத்தியவன் நான்.

ஜூலை 15

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனோம். டாக்டர் அட்டையில் எழுபத்தேழு என்று பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு இப்படி ஒரு உடம்பை நான் பாத்ததில்லம்மா" என்றார். மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறுகிறாள். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஹென்ரிக் என் குடும்ப மரத்தைப் பார்த்துவிட்டு, பிறந்த தேதிகளுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். பள்ளிச் சான்றிதழ் என்றேன். அது பிறந்து ஐந்து வருடம் கழித்து யாரோ சொல்லி யாரோ எழுதியது, பிறப்புப் பதிவு வேண்டும் என்றார். நியாயம்தான். எங்கள் காலத்தில் யார் அதைக் கேட்டார்கள்? பூங்கோதைக்கு இங்கே மாநகராட்சியில் விண்ணப்பித்தேன். எனக்கு, நான் பிறந்த அறந்தாங்கியில். அங்கே துறையில் பழக்கமான ஜமால் இருக்கிறார், போனில் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 22

பூங்கோதையின் பிறப்புப் பதிவு நகல் வந்தது.

தேதி சரி. 1974, நவம்பர் 3. பெண் குழந்தை. பெயர்க் கட்டம் காலி, அந்தக் காலத்தில் அப்படித்தான். முகவரி மேற்கு ரத வீதி, நாங்கள் அப்போது இருந்த வீடு. தகப்பன் பெயர் தருமலிங்கம். தாய் பெயர் மரகதம்.

மரகதம்?

அம்மா பெயர் சௌந்தரம். ரேஷன் கார்டில் சௌந்தரம், வாக்காளர் அட்டையில் சௌந்தரம். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் மரகதம் என்று ஒருத்தி கிடையாது.

ஜூலை 23

குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான் என்று இரண்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சௌந்தரத்தை எப்படி மரகதம் என்று எழுதுவான்?

பழக்க தோஷத்தில், உள்ளிடும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினேன். "மரகதம்" என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நான் எதைச் சொன்னாலும் தன்னைக் கூப்பிடுவதாக அவளுக்கு நினைப்பு.

பிறகு போய் நேராகவே கேட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மரகதம்னு யாரையாச்சும் உனக்குத் தெரியுமா?"

"எங்க பாத்த அந்தப் பேர?"

"ஒரு பழைய பேப்பர்ல."

"பேப்பர்ல ஆயிரம் பேரு இருக்கும். உனக்கு வேற சோலி இல்லையா?"

மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. வாயு என்றாள். கத்தரிக்காய் ஆகாது போலிருக்கிறது.

ஜூலை 24

யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. மூன்று வழிகள்தான் இருக்கின்றன.

முதலாவது, மரகதம் என்று ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, வளர்க்க முடியாமல் அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். ஆனால் அப்படியானால் தகப்பன் பெயர் ஏன் அப்பா பெயராக இருக்கிறது?

இரண்டாவது வழியை எழுதவே கை கூசுகிறது. அப்பா நெடுஞ்சாலைத் துறையில் மேற்பார்வையாளர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரு பீடிகூடப் பிடிக்காத மனிதர்.

மூன்றாவது எனக்கு இன்னும் தோன்றவில்லை.

எந்த வழியில் போனாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். பூங்கோதை அம்மா வயிற்றில் பிறந்தவள் இல்லை. அவளுக்கு இது தெரியாது.

ஜூலை 26

பூங்கோதை வீட்டுக்குப் போனேன். அவளுக்குப் பிடிக்குமே என்று ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். உட்கார வைத்துக் காலை முதல் என்ன சாப்பிட்டாள், மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"தங்கச்சிக்கு ஜாங்கிரி வாங்கிட்டு வரக் கூடாதா?"

"அம்பது வருசத்துல வாங்கலையே."

அவள் மூக்கு அச்சு அசல் அம்மா மூக்கு. அதை இன்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன். அதற்கு என்ன விளக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 28

மென்பொருளில் ஒரு கருவி இருக்கிறது. ஒரே ஆளைத் தெரியாமல் இரண்டு தடவை ஏற்றியிருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும். ஓட்டிப் பார்த்தேன்.

'சௌந்தரம், மரகதம்: இருவரும் ஒருவராக இருக்கலாம். இணைக்கவா?'

கணவன் பெயர் ஒன்று, முகவரி ஒன்று, அதனால் அப்படிச் சொல்கிறது. அப்பா செய்த காரியம் கம்ப்யூட்டரையும் குழப்பிவிட்டது. 'வேண்டாம்' என்று அழுத்தினேன், கொஞ்சம் பலமாகவே.

சாயங்காலம் அப்பா படத்துக்கு விளக்கேற்றவில்லை. அம்மா பார்த்தாள். தானே ஏற்றினாள்.

ஜூலை 31

ஆடி பதினைந்து. அம்மா வழக்கம்போல் படையல் போட்டாள். வருடா வருடம் இந்தத் தேதிக்கு மணைமேல் புதுப்புடவை, பூ, வளையல், மஞ்சள், குங்குமம், சர்க்கரைப் பொங்கல். ஆடி மாதத்துச் சாமி என்பாள். எந்தச் சாமி என்று நான் கேட்டதில்லை. அப்பா இருந்தவரை படைத்த புடவையை அம்மாவே உடுத்திக்கொள்வாள். அவர் போனபிறகு பூங்கோதைக்குக் கொடுக்கிறாள். எங்கள் தெருவில் வேறு யாரும் இந்தத் தேதியில் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் அம்மா ரொம்ப நேரம் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். தட்டிவிட்டாள்.

பூங்கோதை அரக்கு நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இவளிடம் போய் நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் மரத்தை அச்சடித்தால் அது பொய். சொன்னால் தங்கை போய்விடுவாள். எனக்கு இருப்பது இரண்டே பேர்.

ஆகஸ்ட் 3

கத்தரிச் செடி பிழைத்துவிட்டது.

ஆகஸ்ட் 6

ஜமால் வாட்ஸப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்று என் பிறப்புப் பதிவு. 1969 மார்ச், அறந்தாங்கி, தகப்பன் தருமலிங்கம், தாய் சௌந்தரம். எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நிம்மதியாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவதைப் பற்றி ஜமால் போனில் சொன்னார். "சார், ஒங்க அம்மா பேர்ல தேடுனப்ப இதுவும் வந்துச்சு. வேற ஆளா இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்."

இறப்புப் பதிவு. சௌந்தரம், கணவர் பெயர் தருமலிங்கம், வயது இருபத்து நாலு, அரசு மருத்துவமனை, அறந்தாங்கி.

அம்மா அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் அவளைச் சாகடித்து ஐம்பத்து மூன்று வருடம் ஆகிறது. சிரிப்பு வந்தது. ஹென்ரிக்குக்கு எழுத நல்ல வேடிக்கை என்று அதையும் உள்ளிட்டேன். மென்பொருள் வரிசையாகச் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. ரேஷன் கார்டு வாங்கியது இறப்புக்குப் பின், ஓட்டுப் போட்டது இறப்புக்குப் பின்.

பிழை என்று ஹென்ரிக்குக்கு அறிக்கை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 7

ஹென்ரிக் பதில்: "இதில் பிழை எதுவும் இல்லை. மென்பொருள் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாது. நீங்கள் கொடுத்த தகவல்களில் எது எதோடு பொருந்தவில்லை என்று மட்டும்தான் காட்டும். இறந்த தேதியை இன்னொரு முறை பாருங்கள்."

பார்த்தேன். 31.7.1971.

ஜூலை முப்பத்தொன்று. ஆடி பதினைந்து.

ஆகஸ்ட் 8

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 9

இறந்துபோன சுமங்கலிக்குத்தான் வருடா வருடம் அதே நாளில் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் மூத்தாள் போய் இளையாள் வந்திருந்தால், இளையாள்தான் அதை முன்னின்று செய்வாள். அதுவும் தெரியும். துறையில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் வீட்டில் அந்தப் படையலில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் கண்ணெதிரே நடந்தது தெரியவில்லை.

'இருவரும் ஒருவராக இருக்கலாம்' என்று கம்ப்யூட்டர் சொன்னதில் பாதி சரி. இரண்டு பேர்தான். ஆனால் ஒருத்தி, இன்னொருத்தி பெயரில் ஐம்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்திருக்கிறாள்.

பூங்கோதை அம்மா வயிற்றுப் பிள்ளைதான்.

அப்படியானால் நான்

ஆகஸ்ட் 10

காலை பத்து மணி இருக்கும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அம்மா அஞ்சாங்கிளாஸ். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா," என்றாள்.

அவளாகவே சொன்னாள்.

"ரெண்டாவது பிரசவத்துல போயிட்டா. பிள்ளையும் தங்கல. ஒனக்கு ரெண்டு வயசு முடிஞ்சு நாலு மாசம். ஒன்னைப் பாத்துக்கத்தான் என்னைக் கூட்டியாந்து விட்டாக. ஒரு வாரம் அழுத. என்னையக் கிட்ட சேக்கல. ஒருநா அக்கா பொடவை கொடியில கெடந்துச்சு, அதை எடுத்துக் கட்டுனேன். அம்மான்னு ஓடியாந்து காலைக் கட்டிக்கிட்ட. அதுக்கப்புறம் நான் எப்படிடா மரகதம்னு சொல்றது?"

கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"மறு வருசம் கல்யாணம். கோயில்ல வச்சு, பத்துப் பேரு. இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தோம். பழைய ரேஷன் கார்டுல அக்கா பேரு இருந்துச்சு. உங்கப்பா, எடுத்துட்டு உன் பேரப் போடுவோம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். அந்தப் பேரு போனா, நாளைக்கு யாராச்சும் ஒன்கிட்ட வந்து இவ ஒங்கம்மா இல்லடாம்பாக. எங்க வீட்டுல பொறந்தவக அத்தனை பேரையும் ஒதுக்கிட்டேன். ஒத்தப் பிள்ளைன்னு சொன்னேன்."

"அப்ப பூங்கோதை பொறந்தப்ப ஏம்மா மரகதம்னு குடுத்த?"

உருவிய கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அக்கா பிள்ளைபெறப் போயித்தான செத்தா. எனக்கு பயம். நானும் போயிட்டா சௌந்தரம்னுல்ல எழுதுவாக? ஒருத்தியை எத்தனை தடவடா சாகடிக்கிறது? செத்தா எம்பேர்ல சாவோம்னு நர்சம்மாகிட்ட மரகதம்னு சொன்னேன். சாகல. வீட்டுக்கு வந்துட்டேன். மறுபடி சௌந்தரமாயிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "கீரையில ஒழுகுது பாரு" என்றாள்.

ஆகஸ்ட் 12

அம்மாவே பூங்கோதையிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆட்டோ பிடித்துப் போனாள். சாயங்காலம் பூங்கோதை இங்கே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஜாங்கிரி வாங்கிட்டு வந்தியே, அன்னைக்கு என்னையத் தத்துப் பிள்ளைன்னா நெனச்ச?"

"ஆமா."

"தத்துப் பிள்ளைன்னா ஜாங்கிரி. சொந்தத் தங்கச்சின்னா ஒண்ணுமில்ல. அப்படித்தான?"

பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு நிறைய நேரம் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. போகும்போது, "நீ வேணாம்னா மரம் வேணாம்ணே. சாமி படம் மாட்டிக்கிறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 14

சௌந்தரத்தையும் மரகதத்தையும் அக்கா தங்கை என்று இணைத்தேன். எனக்கும் மரகதத்துக்கும் என்ன உறவு என்று கேட்டேன். இரண்டு விதியும் வேலை செய்தன.

'சித்தி.' தாய் வழி.

'சித்தி.' தந்தை வழி.

நானே எழுதிய விதி. ஒரு தப்பும் இல்லை. ஹென்ரிக்குக்கு 'சோதிக்கப்பட்டது' என்று எழுதலாம். எழுதவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றினேனா என்று மறந்து மறுபடியும் ஊற்றினேன்.

பெற்றவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவளுக்காக ஒரு சொட்டு அழவில்லையே என்று இருக்கிறது. அழப்போனால் அடுப்படியில் இருப்பவளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்புவது என்றே புரியவில்லை.

ஆகஸ்ட் 16

அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அச்சடிப்பதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

"அக்காளுக்கும் ஒனக்கும் கோடு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"அது இருக்கணும். அவ பேரத்தான் நான் எடுத்துக்கிட்டேன். பிள்ளையையும் எடுத்துக்கிட்டா அவளுக்கு என்ன மிச்சம்?" திரையை விரலால் தொட்டு, "எனக்கும் ஒனக்கும் கோடு போட முடியுமா அதுல?" என்றாள்.

"முடியும். என்ன கோடுன்னு கேக்கும்."

பட்டியலைப் படித்துக் காட்டினேன். பிறப்பு. சுவீகாரம். வளர்ப்பு. தெரியாது. தமிழாக்காமல் விட்டதை நான் படிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"அது கேக்கட்டும். நீ பதில் சொல்லாத. கோட்டை மட்டும் போடு."

"பதில் சொல்லாம விடாதும்மா."

"மிசின எழுதுனவுகளும் மனுசருதான? சொல்லிப் பாரு."

ஆகஸ்ட் 18

யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம் என்பதுதானே இதன் விசேஷம். இரண்டு நாள் ஆயிற்று. நிரலில் நாலு வரி மாற்றினேன். இனிமேல் கோடு போடுகிறவர் விரும்பினால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். என் திருத்தத்தை ஹென்ரிக்குக்கும் அனுப்பினேன்.

உண்மை தெரியாவிட்டால் 'தெரியாது' என்று ஒன்று இருக்கிறதே, காலி இடம் எதற்கு என்று கேட்டார்.

தெரியும், அதனால்தான் என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 20

ஹென்ரிக்: "எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனால் இதனால் வேறு எதுவும் கெடவில்லை. சேர்த்துவிட்டேன்."

அடுத்த பதிப்பில் உலகம் முழுவதற்கும் போகும். அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22

பால் காய்ச்சினார்கள். பூங்கோதை ஆடிப் படையல் புடவையைக் கட்டியிருந்தாள். ஹாலில் சாமி படத்துக்கு எதிர்ச் சுவரில் மரம். என் பெட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. மேலே இரண்டு கோடுகள்.

பூங்கோதையின் நாத்தனார் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாரு இந்த மரகதம்?" என்று கேட்டார். பூங்கோதையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து போய், பெயர்மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள்.

"நாந்தான்," என்றாள்.

வீட்டுக்குத் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள், விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம், ரசம் வைக்க வேண்டுமாம். நான் கம்ப்யூட்டரைத் திறந்து சித்தி விதிக்குப் பக்கத்தில் இருந்த 'சோதிக்கப்படவில்லை' என்பதை எடுத்தேன். பிறகு மரத்தை மேலிருந்து கீழே வாய்விட்டுப் படித்தேன். சௌந்தரம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்காக அழுகை வந்தது. அவளைப் பெயர் சொல்லி ஐம்பத்து மூன்று வருடமாக யாரும் தேடவில்லை.

துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தேன்.

"மரகதம்."

"என்ன?" என்றாள் அம்மா.